‘படுத்துருச்சு’ன்னா எந்த லாகைப் பார்க்கணும்? டெவலப்பர் கிண்டல்மொழிக்கு ஒரு செய்முறைக் கையேடு

டீமில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஜாவா தெரியும், எஸ்கியூஎல் தெரியும், கிட் தெரியும். முதல் வாரத்தில் அவர் திருதிருவென விழிப்பது வேறு இடத்தில். “இது ஹைசன்பக் மாதிரி இருக்கே”, “பைக்‌ஷெட் பண்ணாதீங்கப்பா”, “சர்வர் படுக்கல, தொங்குது” என்று பக்கத்து சீட்டில் பேசிக்கொள்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரித்து வைப்பார். சிரித்ததோடு விட்டால் நஷ்டம் அவருக்குத்தான். எந்த மாதிரிக் கோளாறு, எங்கே தேடணும், எவ்வளவு நேரம் செலவழிக்கலாம் என்பதையெல்லாம் பழைய ஆட்கள் ஒரே சொல்லில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்ததும் கை எங்கே போக வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

புரொடக்‌ஷன் விழுந்த நேரம்

சென்னை, கோவை ஆபீஸ்களில் என்னதான் மீட்டிங் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தாலும், புரொடக்‌ஷனில் பிரச்சினை என்றதும் வாயில் வருவது தமிழ். நாலு சொற்கள் அடிக்கடி வரும். நாலும் ஒன்றில்லை. பதற்றத்தில் மாற்றிச் சொன்னால், உதவிக்கு வந்தவர் தப்பான இடத்தில் அரை மணி நேரம் தேடுவார்.

“படுத்துருச்சு” என்றால் ப்ராசஸே உயிரோடு இல்லை. அடையாளம் சுலபம்: கனெக்‌ஷன் கொடுத்த உடனே, ஒரு நொடிகூட ஆகாமல், ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று திரும்பி வரும். அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்று பொருள். கன்டெய்னரில் ஓடுவதாக இருந்தால் முதலில் எக்ஸிட் கோடைப் பாருங்கள். 137 என்றால் 128 கூட்டல் 9, அதாவது வெளியிலிருந்து யாரோ ‘கில் மைனஸ் 9’ கொடுத்து முடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த ‘யாரோ’ லினக்ஸ் கெர்னல்தான், மெமரி வரம்பைத் தாண்டியதற்காக. 143 என்றால் 128 கூட்டல் 15. மரியாதையாக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், அந்த நேரத்தில் ஏதாவது டிப்ளாய் (புது வெர்ஷனை சர்வரில் ஏற்றுவது) நடந்ததா என்று பாருங்கள். 1 என்றால் ப்ரோகிராமே தன் எரரால் வெளியேறியது. லாகில் கடைசி 200 வரிக்குள் காரணம் இருக்கும். 137 வந்த இடத்தில் அப்ளிகேஷன் லாகைப் புரட்டிப் பிரயோஜனமில்லை. திடீரென்று செத்தவன் மரண வாக்குமூலம் கொடுத்திருக்க மாட்டான். கெர்னல் லாகைப் பாருங்கள்.

“தொங்குது” என்பது வேறு சமாச்சாரம். ப்ராசஸ் இருக்கிறது, போர்ட் திறந்திருக்கிறது, கனெக்‌ஷனும் கிடைக்கிறது, பதில் மட்டும் வராது. இங்கே எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: உடனே ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் தடயம் அத்தனையும் போய்விடும், அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி தொங்கும். ஜாவா சர்வீஸாக இருந்தால் ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் ‘ஜேஸ்டாக்’ கொடுத்து த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். ஒன்று போதாது, 10 நொடி இடைவெளியில் மூன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றிலும் ஒரே வரியில் அசையாமல் நிற்கும் த்ரெட்கள் கண்ணில் படும். அவை டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்காகக் காத்திருந்தால் கனெக்‌ஷன் பூல் காலி. ஸ்ப்ரிங் பூட்டில் வரும் ஹிகாரி பூலின் அளவு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 10, காத்திருக்கும் நேரம் 30 நொடி. பயனர் “சரியா அரை நிமிஷம் கழிச்சு எரர் வருது” என்று சொன்னாலே பாதி விடை கிடைத்துவிட்டது. மொத்த வேலையும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். அந்த ஒரு நிமிடத்துக்காக மேனேஜரிடம் திட்டு வாங்கினாலும் தப்பில்லை.

“இழுக்குது” என்றால் பதில் வருகிறது, மெதுவாக வருகிறது. சராசரி நேரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 100 ரிக்வெஸ்டில் 95 நன்றாக ஓடி 5 மட்டும் 20 நொடி எடுத்தாலும் சராசரி ஒன்றரை நொடி மாதிரித்தான் தெரியும். டேஷ்போர்டில் பி95, பி99 கோடுகளைப் பாருங்கள், அதாவது 100 ரிக்வெஸ்டில் 95-உம் 99-உம் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பதை. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: இண்டெக்ஸ் இல்லாத டேபிளை முழுக்க வாசிக்கும் க்வெரி, அல்லது 50 ஆர்டரைக் காட்ட ஒரு க்வெரி போட்டுவிட்டு ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக இன்னொரு 50 க்வெரி போடும் கோட். முதலாவதை ‘எக்ஸ்ப்ளெயின்’ காட்டிக்கொடுக்கும். இரண்டாவதை க்வெரி லாகை ஒரு நிமிடம் திறந்து வைத்தாலே பார்க்கலாம், ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடும்.

“சுத்திக்கிட்டே இருக்கு” என்பது பயனர் பக்கத்திலிருந்து வரும் சொல். சர்வர் மேல் தப்பு என்றே இன்னும் முடிவாகவில்லை. ப்ரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறக்கச் சொல்லுங்கள். ‘பெண்டிங்’ என்று நின்றால் சர்வர் பக்கம் போங்கள். சர்வரிடமிருந்து 200 (‘சரி’ என்ற பதில்) வந்த பிறகும் வட்டம் சுற்றினால் கன்சோலில் சிவப்பு வரி இருக்கும், அது ஃப்ரன்ட்எண்ட் ஆளின் வேலை.

ஐந்தாவதாக “புட்டுக்கிச்சு” என்று ஒன்று உண்டு. அதில் தகவலே கிடையாது. அப்படிச் சொல்பவரிடம் “படுத்துருச்சா, தொங்குதா, இழுக்குதா, சுத்துதா?” என்று திருப்பிக் கேளுங்கள். கிண்டல் மாதிரி இருக்கும். பதிலில் பாதி டயக்னோசிஸ் முடிந்திருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழைய ஜோக், வெள்ளிக்கிழமை டிப்ளாய். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைய வைக்காதே” என்பது எல்லா ஊரிலும் உள்ள விதி. இங்கிருந்து அமெரிக்காவுக்கு வேலை செய்பவர்களுக்கு அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நியூயார்க் க்ளையன்ட் “வெள்ளி காலையில்தானே, நாள் முழுக்க இருக்கே” என்று நினைத்து 9:30-க்கு டிப்ளாய் கேட்பார். கோடைக்காலத்தில் நமக்கு அப்போது மாலை 7 மணி, குளிர்காலத்தில் 8. கேப் கிளம்பும் நேரம். மறுக்க முடியாவிட்டால் மூன்று விஷயம் முன்கூட்டியே மெயிலில் இருக்கட்டும்: ரோல்பேக் (பழைய வெர்ஷனுக்குத் திரும்பும்) கட்டளை என்ன, அதை ஓட்ட அனுமதி யாரிடம், இரவு 11 மணி வரை போனை எடுக்கப் போவது யார். டேட்டாபேஸ் டேபிளில் ஒரு நெடுவரிசையை (காலம்னை) நீக்கும் மாற்றம் இருந்தால் ரோல்பேக் வேலை செய்யாது. அப்படிப்பட்டதை மட்டும் திங்களுக்குத் தள்ளச் சொல்லிப் போராடுங்கள்.

ஓடி ஒளியும் பக்

“ஹைசன்பக்” என்பது தேடப் போனால் மறைந்துவிடும் பக். இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்க்கின் பெயரில் வைத்த கிண்டல். டேண்டம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே 1985-இல் எழுதிய அறிக்கையில் இதையும் இதற்கு நேர்மாறான ‘போர்பக்’கையும் பிரித்துக் காட்டினார். போர்பக் நீல்ஸ் போர் பெயரில் வந்தது. அதே இன்புட் கொடுத்தால் அதே இடத்தில், எத்தனை முறை ஓட்டினாலும் வரும். நல்ல பக். டெஸ்டிங்கில் மாட்டிவிடும். வாடிக்கையாளர் வரை போய்ச் சேர்வது பெரும்பாலும் மற்றதுதான். கிரே காட்டிய ஒரு கணக்கில் 132 மென்பொருள் கோளாறுகளில் போர்பக் ஒன்றே ஒன்று.

ஏன் மறைகிறது? இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஒரு வேரியபிளைத் தொடும்போது வரும் பக்குக்கு நேரம்தான் உயிர். நீங்கள் நடுவில் ஒரு பிரின்ட் வரி சேர்த்தால் அது திரையில் எழுதும் வரை ஒரு த்ரெட் கொஞ்சம் தாமதிக்கும், மோதல் தவிர்க்கப்படும், பக் காணாமல் போகும். டீபக்கர் இன்னும் மோசம், எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும். சி, சி++ எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: டீபக் பில்டில் கம்பைலர் ஆப்டிமைசேஷன் அணைந்திருக்கும், மெமரி அமைப்பும் வேறாக இருக்கும், ஆரம்ப மதிப்பு கொடுக்காத வேரியபிள் அதிர்ஷ்டவசமாக பூஜ்யமாக இருக்கக்கூடும்.

ஆகவே யாராவது இந்தச் சொல்லைச் சொன்னால் பிரின்ட் போடுவதை நிறுத்துங்கள். செய்ய வேண்டியது இது. அந்த டெஸ்டை மட்டும் தனியே எடுத்து லூப்பில் 1000 முறை ஓட்டி, எத்தனை முறை விழுகிறது என்று எண்ணுங்கள். லாக் தேவைப்பட்டால் மெமரியில் ஒரு சிறு வளையத்தில் எழுதிவைத்து, விழுந்த பிறகு மொத்தமாகக் கொட்டுங்கள். கோ மொழியாக இருந்தால் ‘ரேஸ்’ ஃப்ளாகோடு, சி++ ஆக இருந்தால் த்ரெட் சானிடைசரோடு ஓட்டுங்கள். 2 முதல் 20 மடங்கு வரை மெதுவாகலாம், சாப்பிடப் போகும் முன் ஓடவிடலாம்.

சரிசெய்த பிறகு நடப்பதுதான் பெரிய சொதப்பல். பத்துத் தடவை ஓட்டிப் பார்த்து, விழவில்லை என்றதும் டிக்கெட்டை மூடிவிடுவார்கள். முன்பு 100-க்கு ஒரு முறை விழுந்த டெஸ்ட், எதையும் சரிசெய்யாமலே 10 முறை தொடர்ந்து பாஸ் ஆக 90 சதவீத வாய்ப்பு உண்டு. கணக்கு எளிது: எத்தனைக்கு ஒன்று விழுந்ததோ அதைப்போல மூன்று மடங்கு ஓட்டுங்கள். 100-க்கு ஒன்று என்றால் 300 முறை சுத்தமாக ஓடினால்தான் 95 சதவீத நம்பிக்கையோடு மூடலாம்.

இதே குடும்பத்தில் ‘ஷ்ரோடின்பக்’ என்று ஒன்று: கோடைப் படித்துப் பார்த்தால் இது எந்தக் காலத்திலும் ஓடியிருக்கவே முடியாது என்று தெரியும், ஆனால் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும். சிரித்துவிட்டுத் திருத்தாதீர்கள். அந்த வரி உண்மையிலேயே எப்போதாவது ஓடியதா என்று லாகில் பாருங்கள். யாரும் அந்த பட்டனை அழுத்தியதே இல்லை என்பதுதான் பல சமயம் பதில்.

ஒழுங்கான போர்பக், “நேத்து வரைக்கும் ஓடுச்சுங்க” என்ற வசனத்தோடு வந்தால், யோசிக்கவே வேண்டாம். ‘கிட் பைசெக்ட்’. இடையில் 1000 கமிட் இருந்தாலும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய் பத்து முயற்சியில் குற்றவாளி கமிட்டைக் காட்டிவிடும்.

“என் மெஷின்ல ஓடுதே!”

உலகத்திலேயே அதிகம் கிண்டலடிக்கப்படும் வாக்கியம். “அப்ப உன் மெஷினையே க்ளையன்ட்டுக்குப் பார்சல் பண்ணிடலாமா?” என்பது வழக்கமான பதில், டாக்கர் (அப்ளிகேஷனை அதன் சூழலோடு சேர்த்துப் பொட்டலம் கட்டும் கருவி) பிறந்த கதையே அதுதான் என்று இன்னொரு ஜோக். சொன்னவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே ஓடும். வித்தியாசம் எங்கே என்பதுதான் கேள்வி. தேடும் வரிசை:

1. புதிய ஃபோல்டரில் ரெப்போவைத் திரும்ப க்ளோன் செய்து அங்கிருந்து ஓட்டுங்கள். கமிட் செய்ய மறந்த ஃபைலும், கிட் இக்னோரில் ஒளிந்திருக்கும் என்விரான்மென்ட் ஃபைலும் இங்கேயே அம்பலமாகும்.
2. லைப்ரரி வெர்ஷன்களைப் பூட்டிவைக்கும் ‘லாக்’ (lock) ஃபைல் கமிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்.ஜேஎஸ் ப்ராஜெக்டில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அந்த ஃபைலை மாற்றிவிடக்கூடும். பில்ட் சர்வரில் ‘என்பிஎம் சிஐ’ கொடுத்தால் எழுதியிருப்பது அப்படியே இறங்கும்.
3. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் இதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் விடாது.
4. விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்றால் வரி முடிவுக் குறி காரணம். கிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் எல்எஃப் என்று நிர்ணயித்துவிடுங்கள்.
5. நேரம். சர்வர் பெரும்பாலும் யூடிசியில் ஓடும், நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு முதல் காலை 5:30 வரை நம்மூரில் பதிவான பில் சர்வர் கணக்கில் முந்தைய நாள் தேதியில் விழும். “ராத்திரி ஷிஃப்ட் சேல்ஸ் மட்டும் ரிப்போர்ட்ல தப்பா வருது” என்றால் வேறெதையும் பார்க்காதீர்கள். லேப்டாப்பில் டைம்ஸோன் வேரியபிளை யூடிசி ஆக்கி டெஸ்டை ஓட்டினால் அங்கேயே விழும்.

ஐந்திலும் அகப்படவில்லை என்றால் டேட்டா. உங்கள் லோக்கல் டேபிளில் 10 வரி, அங்கே 40 லட்சம்.

கோட் ரிவ்யூவில்

“எல்ஜிடிஎம்”, பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று பொருள். 600 வரி மாற்றத்துக்கு 40 நொடியில் இது வந்தால் படிக்கவில்லை என்று பொருள். பத்து வரிக்குப் பன்னிரண்டு கமென்ட், ஆயிரம் வரிக்கு ஒரு எல்ஜிடிஎம் என்ற ஜோக் அப்படியே நிஜம். உங்கள் கோடை ஒருவர் உண்மையாகப் படிக்க வேண்டுமானால் 200, மிஞ்சினால் 400 வரிக்குள் அனுப்புங்கள். பெயர் மாற்றம், ஃபார்மேட்டிங் போன்றவற்றைத் தனி கமிட்டாகப் பிரித்து வைத்தால் லாஜிக் மாறிய 60 வரி மட்டும் தனியே தெரியும்.

“நிட்” என்று தொடங்கும் கமென்ட் சில்லறை விஷயம். செய்தாலும் சரி, விட்டாலும் சரி. எழுதுபவருக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் இந்தச் சொல் இல்லாமல் சீனியர் ஒருவர் “இந்தப் பேரு நல்லால்லையே” என்று எழுதினால் ஜூனியர் அதற்காக இரவு உட்கார்ந்து பதினாலு ஃபைலை மாற்றுவார். நிட் மூன்றுக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு, லின்ட்டரில் (கோட் நடையைத் தானாகச் சரிபார்க்கும் கருவி) ஒரு விதி சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

“பைக்‌ஷெட்” இதன் பெரிய அண்ணன். நிர்வாகங்களைக் கிண்டலடித்த பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1957-இல் வரைந்த காட்சி: ஒரு கமிட்டி பெரும் பணம் விழுங்கும் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது, சைக்கிள் கொட்டகைக்கு 45 நிமிடம் விவாதிக்கிறது. அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். ஃப்ரீபிஎஸ்டி டெவலப்பர் பால்-ஹென்னிங் காம்ப் 1999-இல் சக டெவலப்பர்களுக்கு எழுதிய ஒரு மெயிலில் இதை எடுத்தாண்ட பிறகுதான் நம் தொழிலுக்குள் சொல் நிலைத்தது. அப்போதைய சண்டை, ‘ஸ்லீப்’ கட்டளை நொடியின் பின்னத்தை ஏற்கலாமா கூடாதா என்பது. இன்றைய கொட்டகைகள்: டேபா ஸ்பேஸா, பட்டன் நீலமா பச்சையா, ரெப்போவுக்கு என்ன பெயர்.

நிறுத்தும் வழி: “பைக்‌ஷெட் பண்றீங்க” என்று நேரே சொன்னால் சண்டை வரும், “எனக்கு முக்கியம்னு தோணுறது உங்களுக்குக் கொட்டகையா?” என்பார்கள். அதற்குப் பதில், “இதைப் பின்னால மாத்தணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் மாற்றலாம் என்றால் டிக்கெட் யார் பெயரில் இருக்கிறதோ அவர் முடிவு செய்யட்டும். ஃபார்மேட்டிங் சண்டைக்கு மருந்து ப்ரெட்டியர், ப்ளாக், கோஃபம்ட் மாதிரி தானாக ஃபார்மேட் செய்யும் கருவி ஒன்று. கான்ஃபிக் ஃபைலை ரெப்போவில் போட்டு, கமிட்டுக்கு முன் தானாக ஓடவைத்துவிட்டால் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. சிலருக்கு அது வருத்தமாகக்கூட இருக்கும்.

மற்றபடி, சிக்கலான கோடை வெள்ளைக்காரன் ஸ்பகெட்டி என்றான். நம்மிடம் இடியாப்பச் சிக்கல் ஏற்கெனவே இருந்ததால் “இடியாப்பமா இருக்கு” என்பது சுலபமாக ஒட்டிக்கொண்டது. இதற்குச் செய்முறை ஒன்றும் சொல்வதற்கில்லை. பொறுமையாகப் பிரிக்க வேண்டியதுதான், டெஸ்ட் எழுதிவிட்டு.

சடை எருமைக்குச் சவரமும் வாத்துப் பொம்மையும்

“யாக் ஷேவிங்” (யாக் என்பது திபெத்தின் சடை எருமை) எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் பிறந்த சொல். ஒரு லேபிளை மாற்ற உட்காருகிறீர்கள். பில்ட் ஆகவில்லை. லைப்ரரியை அப்டேட் செய்ய வேண்டும். அதற்கு நோட் வெர்ஷன் போதாது. அதை ஏற்ற லேப்டாப்பில் அட்மின் உரிமை இல்லை. ஐடி சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட விபிஎன் பாஸ்வேர்ட் காலாவதி. மாலையில் லேபிள் எங்கே என்று கேட்டால் திபெத்தில் எருமைக்குச் சவரம் செய்துகொண்டிருப்பீர்கள். தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படியும் நியாயம், அதுதான் சிக்கல்.

தப்பிக்க ஒரு தாள் போதும். எதற்காக இதைச் செய்கிறோம் என்று ஒவ்வொரு படியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மூன்றாவது வரி எழுதியதும் கையை எடுத்துவிட்டு, முதல் வரிக்கு வேறு குறுக்குவழி உண்டா என்று பாருங்கள்: பக்கத்து சீட்டு மெஷினில் பில்ட் ஆகிறதா, பழைய வெர்ஷனிலேயே லேபிள் மாற்ற முடியாதா. இல்லையென்றால் ஸ்டாண்டப்பில் (டீமின் தினசரிக் குறு மீட்டிங்) “லேபிள் பண்றேன்” என்று மூன்று நாள் சொல்லாமல், “பில்ட் என்விரான்மென்ட் பழசாகிடுச்சு, அதுக்குத் தனி டிக்கெட் வேணும்” என்று சொல்லிவிடுங்கள். மேனேஜருக்கு எருமை கண்ணில் படாது. நீங்கள்தான் காட்ட வேண்டும்.

வாத்து டீபக்கிங் 1999-இல் ஆண்ட்ரூ ஹண்ட்டும் டேவிட் தாமஸும் பரவலாக்கியது. ரப்பர் வாத்திடம் கோடை வரி வரியாக விளக்கினால் தப்பு தானாகத் தெரியும். நம்மூர் மேஜைகளில் வாத்து அபூர்வம், பிள்ளையார் பொம்மை ஒன்று எப்படியும் இருக்கும், அவரும் கேட்பார். பலரும் விடும் தவறு, கோட் என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவது. என்ன செய்கிறது என்று சொல்லுங்கள், வாய்விட்டு, வேரியபிளின் உண்மையான மதிப்போடு: “இங்க லிஸ்ட்ல 3 இருக்கு, ஐ இப்ப 3, அப்ப லிஸ்ட்ல ஐ-ஆவது…” அந்த இடத்தில் நாக்கு நிற்கும். 15 நிமிடம் பொம்மையிடம் பேசியும் நிற்கவில்லை என்றால் மனிதரிடம் போங்கள்.

மேனேஜர் பக்கத்துச் சொற்கள்

“ஆணி ஜாஸ்தி”, அதாவது வேலை அதிகம், என்பது முழுக்க நம் சரக்கு. வடிவேலு நகைச்சுவையிலிருந்து கிளம்பி, தமிழ் வலைப்பதிவுக் காலத்தில் ‘பொட்டி தட்டும்’ கூட்டம் வளர்த்தெடுத்தது. கேன்டீனில் அழகான சொல். ஸ்டாண்டப்பில் உதவாது, ஏனென்றால் ஆணியை எண்ண முடியாது. “ரெண்டு டிக்கெட் கையில இருக்கு, ஒண்ணு டெஸ்டிங்ல திரும்பி வந்திருக்கு, புதுசு எடுத்தா எதை நிறுத்தணும்னு சொல்லுங்க” என்று மொழிபெயர்த்துச் சொன்னால் அதே செய்திக்கு மதிப்பு வரும். ‘தேவையில்லாத ஆணி’யை அடையாளம் காணவும் வழி உண்டு: முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது என டிக்கெட்டில் எழுதியிருக்காது, கேட்டால் “பாத்துக்கலாம்” என்பார்கள். பாத்துக்கலாம் என்றால் யாரும் பார்க்கவில்லை.

“ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சு” என்பதை யார் சொன்னாலும் பெல் லாப்ஸின் டாம் கார்கில் சொன்ன கிண்டல் விதியை நினைத்துக்கொள்ளுங்கள்: முதல் 90 சதவீத கோட் 90 சதவீத நேரத்தை எடுக்கும், மிச்ச 10 சதவீதம் இன்னொரு 90 சதவீத நேரத்தை. சதவீதம் கேட்காமல் என்ன பாக்கி என்று பட்டியல் கேளுங்கள். “எரர் ஹேண்ட்லிங், டெஸ்ட், மைக்ரேஷன் மட்டும்தான்” என்று வந்தால் பாதி வேலை பாக்கி.

தாமதமான ப்ராஜெக்டில் ஆள் சேர்க்கும்போது “ஒன்பது பேரைச் சேர்த்தா ஒரே மாசத்துல குழந்தை பிறக்குமா?” என்பார்கள். ஐபிஎம்மில் பெரிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் ப்ராஜெக்டை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இல் எழுதிய கருத்து. மேனேஜரிடம் குழந்தைக் கதையைச் சொல்லாமல் கணக்கைக் காட்டுங்கள்: 5 பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேசும் பாதைகள் 10, 10 பேர் என்றால் 45. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது, இப்போது வேலை நடத்திக்கொண்டிருக்கும் அதே ஐந்து பேர்.

“பஸ் ஃபேக்டர்” என்பது எத்தனை பேர் மேல் பஸ் ஏறினால் ப்ராஜெக்ட் நின்றுவிடும் என்ற கொடூரமான எண்ணிக்கை. 1994-இல் பைத்தான் மெயிலிங் லிஸ்டில், அந்த மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸம் மேல் பஸ் மோதினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். இங்கே பஸ்ஸெல்லாம் வர வேண்டாம், ஆள் பேப்பர் போட்டாலே போதும். எண்ணைக் கண்டுபிடிக்க ஃபோல்டர் வாரியாகக் கடந்த 12 மாத ‘கிட் ஷார்ட்லாக்’ எடுங்கள். ஒரு ஃபோல்டரில் ஒரே பெயர் முக்கால்வாசிக்கு மேல் இருந்தால் அங்கே எண் 1. நோட்டீஸ் பீரியட் 90 நாள் இருந்தாலும் கேடி (போகிறவர் தன் வேலையைச் சொல்லிக்கொடுப்பது) கடைசி இரண்டு வாரத்தில்தான் தொடங்கும், அதுவும் ரெக்கார்ட் செய்த மீட்டிங்காக. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. உருப்படியானது ரிவர்ஸ் கேடி. புதியவர் விளக்கட்டும், போகிறவர் திருத்தட்டும். பிறகு புதியவர் தனியாக ஒரு டிப்ளாய், ஒரு ரோல்பேக், ஒரு பழைய டிக்கெட் மூன்றையும் செய்யட்டும். போகிறவர் கீபோர்டைத் தொடாமல் பக்கத்தில் உட்காரட்டும். அவர் “அது ஒண்ணுமில்ல, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் என் லேப்டாப்ல இருக்கு” என்று சொல்லும் நொடிக்காகத்தான் இத்தனையும்.

எங்கே சொல்லக் கூடாது

முதலில் லிஃப்ட். “குழந்தையைக் கொன்னுட்டேன், அப்பன் கண்டுக்கல, ஜாம்பியா சுத்துது” என்பது லினக்ஸ் ஆளுக்குச் சாதாரண வாக்கியம், அட்மின் டிபார்ட்மென்ட்காரருக்கு இல்லை. ஜாம்பி ப்ராசஸை ‘கில் மைனஸ் 9’ ஒன்றும் செய்யாது, ஏற்கெனவே செத்ததைக் கொல்ல முடியாது. பேரன்ட் அதன் கணக்கை முடிக்க வேண்டும், அல்லது பேரன்ட்டை நிறுத்தினால் ப்ராசஸ் எண் 1 தத்தெடுத்து முடித்துவிடும். கன்டெய்னருக்குள் எண் 1 உங்கள் அப்ளிகேஷனே என்பதால் அது முடிக்காது. டாக்கரில் ‘இனிட்’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள்.

அடுத்து டிக்கெட். “லேயர் 8 பிரச்சினை” என்றால் நெட்வொர்க்கின் ஏழு அடுக்குக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் பயனர்தான் பிரச்சினை என்று அர்த்தம். சலித்துப்போன ஜோக், ஆபத்தானதும்கூட. பல நிறுவனங்களில் டிக்கெட் கமென்ட் க்ளையன்ட்டுக்கும் தெரியும். “பயனர் வழிகாட்டல் தேவை” என்று எழுதுங்கள். ஒரே தப்பை மூன்று பயனர்கள் செய்தால் அது லேயர் 8 இல்லை, உங்கள் திரை சரியில்லை, பக் போடுங்கள். க்ளையன்ட்டோடு நடக்கும் மீட்டிங்கில் ம்யூட்டை நம்பித் தமிழில் நக்கலடிப்பதும் இதே ரகம். எதிர்முனைப் பெயரை வைத்து அவருக்குத் தமிழ் புரியாது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பக்கம் ஆன்சைட்டில் நம் ஆள் ஒருவராவது இருப்பார், ட்ரான்ஸ்கிரிப்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

டெஸ்ட் டேட்டா. கவுண்டமணி, செந்தில் என்று பயனர் பெயர் வைப்பதில் தவறில்லை. மெயில் முகவரியில்தான் வினை: ‘டெஸ்ட் டாட் காம்’ உண்மையில் இருக்கும் டொமைன், உங்கள் மெயில் அங்கே போகும். 1999 முதல் ‘எக்ஸாம்பிள் டாட் காம்’ இதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதைப் போடுங்கள். 418 என்ற ஹெச்டிடிபி எண்ணும் இப்படித்தான். 1998 ஏப்ரல் 1 அன்று வெளியான ‘நான் ஒரு டீப்பாட்’ ஜோக். இன்னும் முடிக்காத ஏபிஐக்கு அதைத் திருப்பி அனுப்பி வைத்தால் மானிட்டரிங் அதை க்ளையன்ட் எரராகக் கணக்கெடுக்கும். முடிக்காததற்கு 501 இருக்கிறது.

கடைசியாக கமிட் மெசேஜ். “ஏன் ஓடுதுன்னு தெரியல, கை வைக்காதே” என்பது அடுத்தவருக்கு எதுவும் சொல்லாது. எந்த இன்புட்டில் விழுந்தது, எதை முயன்றது, டிக்கெட் எண் என்ன என்ற மூன்றும் இருந்தால், பிறகு ஜோக் ஒன்று இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கெட்ட வார்த்தை எழுதிவிட்டீர்கள் என்றால் புஷ் செய்யும் முன் ‘அமெண்ட்’ கொடுத்து மாற்றலாம். புஷ் ஆன பிறகு ஃபோர்ஸ் புஷ் தேவைப்படும், அதற்குள் மற்றவர்கள் புல் செய்திருந்தால் அவர்கள் மெஷினில் பழையது அப்படியே கிடக்கும்.